மீட்டரை மாத்துறதுக்கு முன்னால குழாயைப் பாருங்க

களக்காடு பக்கம் ஒரு வாழைத் தோட்டத்தில் "அண்ணாச்சி, தண்ணி ஓடுற அளவைக் காட்டுற மீட்டர் தப்பாக் காட்டுது, வேற போடுங்க" என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் 4 அங்குலக் குழாய், மோட்டார் தாண்டியதும் இரண்டு எல்போ (குழாயைத் திருப்புகிற வளைவு), பாதி திறந்த வால்வு, அதை ஒட்டியே மீட்டர். எல்போவில் திரும்பிய தண்ணீர் ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும், சுழன்றுகொண்டும்தான் வரும். அது அடங்க நேர்க்குழாய் வேண்டும்.

பொதுவான கணக்கு, மீட்டருக்கு முன்னால் (தண்ணீர் வருகிற பக்கம்) நேர்க்குழாய் குழாய் விட்டத்தைப் போல 10 மடங்கு, பின்னால் (தண்ணீர் போகிற பக்கம்) 5 மடங்கு. 4 அங்குலத்துக்கு முன்னால் 100 செ.மீ., பின்னால் 50 செ.மீ. எல்போ இரண்டும் வேறு வேறு பக்கம் திரும்பினால் இதுவும் பத்தாது, இன்னும் தள்ளி வையுங்கள். உங்கள் மீட்டரோடு வந்த புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் முதலில். தண்ணீரைக் கூட்டிக் குறைக்கிற வால்வு எப்போதும் மீட்டருக்குப் பின்னால்தான்.

அடுத்தது, குழாய் நிரம்பி ஓட வேண்டும், இதைத்தான் பலபேர் விட்டுவிடுகிறார்கள். கோடையில் கிணறு இறங்கியதும் மோட்டார் காற்றும் தண்ணீருமாக இழுக்கும், மீட்டர் அந்தக் காற்றையும் தண்ணீராகவே எண்ணும். அதனால் குழாயின் உச்சியிலோ, தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற வாயிலோ மீட்டர் வேண்டாம். தண்ணீர் கீழிருந்து மேலே ஏறுகிற குழாயில் வைத்தால் நல்லது. இடமில்லை என்றால் மீட்டர் இருக்கிற பகுதியைத் தாழ்வாக இறக்கி, அப்புறம் மேலே ஏற்றுங்கள்.

காந்தப்புலத்தை வைத்து ஓட்டத்தை அளக்கிற மின்காந்த மீட்டரைப் படுக்கைக் குழாயில் போட்டால் மின்முனைகள் இரண்டும் பக்கவாட்டில் இருக்கட்டும், உச்சியில் இருந்தால் காற்றுக்குமிழ் தொடும். பிவிசி குழாய் என்றால் எர்த் வளையமும் (தண்ணீரைத் தொட்டு எர்த் கொடுக்கிற உலோக வளையம்) வேண்டும். காற்றாடி சுற்றுகிற மீட்டருக்கு முன்னால் வடிகட்டி இல்லாவிட்டால் மணல் தின்றுவிடும்.

அந்தத் தோட்டத்தில் மீட்டரையும் குழாயையும் போல்ட் போட்டு இணைக்கிற பிளாஞ்சைக் கழற்றியபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது, பழைய டயர் டியூபில் வெட்டிய கேஸ்கெட் (கசியாமல் இருக்க இடையில் வைக்கிற வளையம்) உள்பக்கம் பிறை நிலா மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. மீட்டர் வாசலிலேயே அப்படி ஒரு தடை இருந்தால் எந்த மீட்டரும் சரியாகக் காட்டாது. கேஸ்கெட்டின் ஓட்டை குழாய் ஓட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், நடுவாக வைத்து முடுக்குங்கள்.

எல்லாம் மாட்டியதும் கொள்ளளவு தெரிந்த தொட்டியை நிரப்பி, மீட்டர் ஓடிய அளவோடு ஒப்பிடுங்கள், மூன்று தடவையாவது. களக்காட்டில் அதே மீட்டர்தான், தள்ளி மாட்டியதும் தொட்டிக் கணக்கோடு ஒத்துவந்தது.