பழைய பேர் வைக்க ஆசையா? மூன்று மொழியிலும் எழுதிப் பாருங்கள்

இலங்கையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம் என்றும் அர்த்தம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். அதனால் இங்கே பேர் விஷயத்தில் விளையாட முடியாது. ஹட்டனில் 18 வருடமாக ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். ஷா, ஷி, னிகா என்று முடியும் பேர்களை எழுதி எழுதிக் கை சலித்துவிட்டது. இப்போது பெண் பிள்ளை பெற்ற சிலர், "அண்ணே, பழைய பேரா ஒன்னு சொல்லுங்க" என்று வருகிறார்கள்.

முதலில் போனைக் கீழே வையுங்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், மூத்த கிழவி யாரோ, அவரிடம் போய் அவருடைய அம்மா, சித்தி, கூடக் கொழுந்து பறித்தவர்கள் பேரையெல்லாம் கேளுங்கள். செல்லாயி, அங்கம்மா, கனகம், பவளம், தெய்வானை என்று அரை மணி நேரத்தில் ஒரு பக்கம் நிரம்பிவிடும். ஏன் அந்தப் பேர் வைத்தார்கள் என்றும் கேட்க வேண்டும். குப்பாயி, பிச்சாயி எல்லாம் முன் பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், இதுவாவது பிழைக்கட்டும் என்று வைத்தவை. அதில் பாசம் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைதான் கேலியைச் சுமக்கும். போதும்பொண்ணு வேறு கதை. பெண் போதும் என்று வைத்த பேர் எவ்வளவு பழையதானாலும் வேண்டாம்.

வீட்டில் கிடைக்காவிட்டால் இலக்கியம் இருக்கிறது. மாதரியின் மகள் ஐயை, பாரியின் மகள் அங்கவை, காரைக்கால் அம்மையாரின் இயற்பெயர் புனிதவதி. சங்கப் புலவர் நச்செள்ளையார் பேரில் எனக்கு ஒரு கண். என் மகள் கும்பிட்டு மறுத்துவிட்டாள்.

பிடித்த பேரைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதிப் பாருங்கள். முக்கால்வாசித் தொல்லை இங்கேதான். தமிழில் க ஒன்றுதான். மற்ற இரண்டிலும் 'கடை'யின் க வேறு, 'கேஸ் அடுப்பு' கே வேறு. கனகத்தை ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள். சிங்களத்தில் ழகரமே கிடையாது. என் அம்மா பேர் பாக்கியம். பிறப்புச் சான்றிதழில் 'பால்' என்பதன் பா, அடையாள அட்டையில் 'பார்பர்' என்பதன் பா. வேலைக்காலத்தில் சேர்ந்த சேமலாப நிதிப் பணம் கைக்கு வர இரண்டு வருடம் அலைந்தோம். பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். அதற்குள் எழுத்துக் கூட்டலை வீட்டிலேயே முடிவு செய்து, துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். வாயால் சொல்லி அனுப்பினால் எழுதுகிறவர் காதுக்குப் பட்டதுதான் பேர். கையெழுத்துப் போடுமுன் ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள்.

அப்புறம் மேல் லயத்து வாசலில் நின்று, பனி மூடிய நேரத்தில், கீழே தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் இருக்கிற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் ஒரு தரம் கத்திப் பாருங்கள். செல்லாயீ, அங்கம்மா எல்லாம் இழுத்தால் மலை தாண்டும்.

மாமியார் பேரை வைப்பதானால் ஒன்றை யோசியுங்கள். பாட்டி பேரைச் சுமப்பதால்தான் அவள் பேர்த்தி, சரி. ஆனால் மருமகள் மாமியார் பேரை வாயால் சொல்லாத வீடுகள் இன்னும் உண்டு. என் மகளும் கடைசியில் மாமியார் பேரான தெய்வானையைத்தான் வைத்தாள். பிள்ளை மாவைக் கொட்டினாலும் "ஏய் பாப்பா" என்றுதான் அவளால் திட்ட முடிகிறது. சம்பந்தியம்மாவுக்கோ, வாசலில் நின்று தன் பேரைத் தானே கூவிக் கூப்பிடுவதில் அப்படியொரு சந்தோஷம்.