டர்பன்லேந்து கோல்டன் கேட்டுக்கு கோடை ட்ரிப் போறவங்களுக்கு

முதல்ல ஒண்ண மனசுல வச்சுக்கங்க, கோல்டன் கேட்ங்கறது நம்ம தென்னாப்பிரிக்காவுல மலை மேல இருக்கற நேஷனல் பார்க், அங்க அடிக்கிற வெயில் நம்ம டர்பன் வெயில் இல்ல. இங்க புழுக்கம், சட்டை ஒட்டும், தாகம் தானா எடுக்கும். கோல்டன் கேட் ஹைலாண்ட்ஸ் பார்க் கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரத்துல ஆரம்பிச்சு ரிப்பொக்காப் உச்சில 2,829 மீட்டர் வரைக்கும் போகுது, காத்து சிலுசிலுன்னு வீசும், வேர்வை வந்த உடனே காஞ்சிடும், அதனால தண்ணி குடிக்கணும்னே தோணாது, தோல் வெந்து போனதும் சாயங்காலம்தான் தெரியும். ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணி, அகல தொப்பி, சன்ஸ்கிரீன். கறுப்பு தோலுக்கு எதுக்குன்னு பெரியவங்க சொல்வாங்க, கேக்காம பூசி விடுங்க.

ரெண்டாவது, மழை. டிசம்பர் ஜனவரில காலைல வானம் கண்ணாடி மாதிரி இருந்தாலும் மதியத்துக்கு மேல இடி இறங்கும். நடக்கறதெல்லாம் பன்னெண்டு மணிக்குள்ள முடிக்கணும், மொத்த பிளானும் இத வச்சுதான்.

டர்பன்லேந்து 350 கிலோமீட்டருக்கு மேல. விடிகாலை நாலு மணிக்கு கிளம்புங்க, ஒரே நாள்ல திரும்பணும்னா ஓட்ட ரெண்டு பேர் வேணும், இல்லன்னா முந்தின நாள் ராத்திரியே வழியில இருக்கற ஹாரிஸ்மித் ஊர்ல தங்கிடுங்க, அது இன்னும் நல்லது. கிளம்பறதுக்கு முந்தின நாள் கூலண்ட், டயர் காத்து, ஸ்பேர் வீல் பாத்துடுங்க. என்3 ஹைவேல வான் ரீனன் பாஸ்ங்கற மலைப்பாதை ஏறும்போது லாரிங்க ஊர்ந்து போகும், பின்னாடியே ஏசி போட்டுக்கிட்டு ஏறினா பழைய வண்டி சூடாகும். சூடு காட்டற ஊசி மேல போச்சுன்னா ஏசிய நிறுத்துங்க, ஓரமா நிறுத்தி ஆற விடுங்க, சூட்டோட ரேடியேட்டர் மூடிய மட்டும் தொறக்கவே கூடாது. ஹாரிஸ்மித்ல பெட்ரோல் ஃபுல் பண்ணிட்டு ஆர்712 ரோட்டுல புத்தடிட்ஜாபா ஊர் வழியா போங்க, ரோட்டுல குழி இருக்கும், மெதுவா.

சாப்பாட்டுக்கு ரொட்டில உருளைக்கெழங்கு பொரட்டல் சுருட்டி எடுத்துட்டு போங்க. மட்டன் கறி வண்டி சூட்டுல கெட்டுப்போகும், ஐஸ் நெறைய போட்ட கூலர் பாக்ஸ் இருந்தா மட்டும் பாருங்க. பபூன் குரங்கு பக்கத்துல வந்தா எதுவும் போடாதீங்க, கண்ணாடிய ஏத்திடுங்க.

பார்க் நடுவுலயே ரோடு போறதால பலபேர் நிறுத்தாம போயிடறாங்க. நீங்க பார்க்குக்குள்ள இருக்கற க்ளென் ரீனன் கேம்ப் ரிசப்ஷன்ல ஃபீஸ் கட்டுங்க, ஐடி புக் கையில இருந்தா நம்ம ஊர்க்காரங்களுக்கு ரேட் கம்மி. நடக்கற பாதைங்க அங்கேந்துதான் ஆரம்பிக்குது. வெயில் ஏறறதுக்கு முன்னாடி பிராண்ட்வாக் பாறை, ஏன்னா அது தொறந்த ஏத்தம், நிழலே கெடையாது. அதுக்கப்புறம் எக்கோ ரவீன், பாறை இடுக்குல நல்ல குளிர்ச்சி, பாட்டியும் கொஞ்ச தூரம் வரலாம். பாறைல கைய வைக்கறதுக்கு முன்னாடி பாத்து வைங்க, பஃப் ஆடர் பாம்பு வெயில் காயும். முடிச்சுட்டு க்ளென் ரீனன்லயே பாறைக் குளத்துல பிள்ளைங்கள குளிக்க விடுங்க.

மேகம் கறுத்து இடி கேட்டா போட்டோ எடுத்துக்கிட்டு நிக்காதீங்க, உடனே இறங்குங்க. தனி மரத்தடி வேணாம், குகை வாசலும் வேணாம், வண்டிக்குள்ள போயிடுங்க. கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் வெளிய வராதீங்க, மணற்பாறை நனைஞ்சா வழுக்கவும் செய்யும். அந்த நேரத்துக்குன்னே வண்டில சுத்தி வர்ற ப்ளெஸ்பாக் லூப், ஒரிபி லூப்னு ரெண்டு ரோடு இருக்கு, வண்டிலேந்தே வரிக்குதிரை, கறுப்பு வில்டபீஸ்ட்ங்கற காட்டு மிருகம் எல்லாம் பாக்கலாம். பிள்ளைங்ககிட்ட இதையும் சொல்லுங்க, 1976ல இந்த பார்க்லதான் மாஸோஸ்பாண்டிலஸ்ங்கற டைனோசரோட முட்டைங்க கெடச்சுது, உள்ள குஞ்சோட எலும்பு, 19 கோடி வருஷம் பழசு.

திரும்பும்போது மூணு மணிக்கெல்லாம் கிளம்பிடுங்க. வான் ரீனன்ல ராத்திரி பனிமூட்டம் இறங்கிடுச்சுன்னா லாரி பின்லைட்டு கூட தெரியாது, அப்படி ஆச்சுன்னா ஹாரிஸ்மித்லயே ரூம் போடுங்க, காசு போனா போகட்டும்.