பாலைவனத்தின் ஈரமும் வறட்சியும்: கணக்குத் தப்பும் இடங்கள்

2024 ஏப்ரல் 16 இல் ஐக்கிய அரபு இராச்சியத்தில் கொட்டிய மழையைக் கைபேசியில் பார்க்காதவர்கள் யாழ்ப்பாணத்தில் குறைவு. எங்கள் ஊர்களில் வளைகுடாவில் உறவுக்காரர் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அல் ஐன் பக்கத்தில் ஓரிடத்தில் 24 மணித்தியாலத்துக்குள் 254 மில்லிமீற்றர் பதிவானது. அதே வருடம் செப்டெம்பரில் மொரோக்கோவில் பெய்த மழை, அரை நூற்றாண்டாக வெறுந்தரையாகக் கிடந்த இரிக்கி ஏரியில் தண்ணீரைத் தேக்கியது. உடனே "பாலைவனம் திரும்பப் பச்சையாகுது" என்ற பேச்சு கிளம்பிவிட்டது.

ஒரு மழையை வைத்துக் காலநிலையைத் தீர்மானிப்பதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. பாலைவனத்திலும் பெருமழை பெய்யும், பெய்த தண்ணீர் கொஞ்ச நாளில் வற்றியும் போகும். காலநிலை என்று சொல்ல ஆகக்குறைந்தது முப்பது வருடப் பதிவு வேண்டும். சகாரா பச்சையாக இருந்தது என்று ஆய்வாளர்கள் சொல்வது, கோடை மழை ஆண்டுதோறும் வந்து, அப்படியே பல ஆயிரம் வருடங்கள் நீடித்த காலத்தை. அந்தக் காலம் ஏறத்தாழ 11,000 வருடங்களுக்கு முன் உச்சத்துக்கு வந்து, 5,000 வருடங்களுக்கு முன் அடங்கியது. அப்போது சாட் ஏரி 300,000 சதுர கிலோமீற்றருக்கு மேல் விரிந்திருந்தது. முழு இலங்கையைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு! அதன் அடித்தரையின் ஒரு பகுதிதான் இன்று போடெலே பள்ளம். அந்த ஏரியில் வாழ்ந்த நுண்பாசிகளின் ஓடுகள் தூசியாகக் கிளம்பி அத்திலாந்திக்கைத் தாண்டிப் போகின்றன.

இதைவிட எனக்குக் கவலை தருவது, காலங்களை ஒன்றோடொன்று குழப்புவது. எகிப்தின் வாடி அல் ஹித்தானில் மணலுக்குள் திமிங்கில எலும்புகள் கிடக்கின்றன. அல்ஜீரியாவின் தாசிலி மலைப் பாறைகளில் மாட்டு மந்தைகளும் மேய்ப்பர்களும் வரையப்பட்டிருக்கின்றன. இரண்டையும் ஒரே வசனத்தில் போட்டு, "சகாரா ஒருகாலம் கடலாகவும் புல்வெளியாகவும் இருந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். திமிங்கிலங்கள் ஏறத்தாழ 4 கோடி வருடங்களுக்கு முந்தியவை. அங்கே இருந்தது தெதிசுக் கடல். மாடுகளை வரைந்தவர்கள் சில ஆயிரம் வருடங்களுக்கு முன் அங்கே வாழ்ந்த மனிதர்கள். யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டினால் சுண்ணக்கல்லுக்குள் சிப்பி தெரியும். அந்தக் கல் ஐம்பது இலட்சம் வருடங்களுக்கும் முந்திய மயோசீன் காலத்துக் கடலில் படிந்தது. அதைக் கண்டு யாரும் யாழ்ப்பாணத்தை ஆண்ட சங்கிலிய மன்னன் காலத்தில் இங்கே கடல் இருந்தது என்று சொல்வதில்லை. சகாராவுக்கு மட்டும் ஏன் அந்த நிதானம் இல்லாமல் போகிறது?

மணல் கண்ட இடமெல்லாம் பாலைவனம் என்பதும் பிழை. வடமராட்சிக் கரையிலுள்ள மணற்காடு என்ற ஊரில் பழைய தேவாலயத்தையே மணல் மூடியிருக்கிறது. ஆனாலும் அந்தக் கரையில் வருடத்துக்கு 1,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழுகிறது. பாலைவனத்துக்குப் பொதுவாகச் சொல்லும் எல்லை 250. சகாராவிலும் மணல் மூடிய நிலம் கால்பங்கு அளவில்தான், மற்றதெல்லாம் கல்லும் சரளையும்.

சரி, சகாராவைப் பச்சையாக்கிய அந்த மழை ஏன் வந்தது, ஏன் போனது? "அப்போது உலகம் குளிராக இருந்தது, குளிர்ந்தால் ஈரம், சூடேறினால் வறட்சி" என்று பதில் சொல்பவர்கள் பலர். உயர்தரப் புவியியல் மாணவர்களிடமும் இதைக் கேட்டிருக்கிறேன். உண்மையில் பனியுகம் உச்சத்தில் இருந்த சுமார் 20,000 வருடங்களுக்கு முன் சகாரா இன்றையதைவிட வறண்டு கிடந்தது. அதன் மணல்மேடுகள் தெற்கே பல நூறு கிலோமீற்றர் தள்ளிப் பரவியிருந்தன. மழையைக் கொண்டுவந்தது குளிர் அல்ல, வட அரைக்கோளத்துக் கோடையில் விழுந்த கூடுதல் வெயில்.

பூமி சூரியனுக்கு மிகக் கிட்ட வருவது இப்போது ஜனவரி முதல் வாரத்தில். பூமியின் அச்சு மெல்லத் தலையாட்டிச் சுற்றுவதால் இந்த நாள் ஏறத்தாழ 21,000 வருடத்தில் நாட்காட்டியை ஒருமுறை சுற்றி வருகிறது. 11,000 வருடங்களுக்கு முன் அந்த நெருக்கம் வடக்கின் கோடையில் வந்தது. அதனால் அங்கே கோடை வெயில் இன்றையதைவிட 7 வீதமளவில் கூடியிருந்தது. நிலம் கொதித்தது; மேலே எழுந்த காற்றின் இடத்தை நிரப்ப அத்திலாந்திக்கிலிருந்து ஈரக்காற்று இன்னும் வடக்கே இழுக்கப்பட்டது. அமெரிக்கக் காலநிலை ஆய்வாளர் ஜோன் குட்ஸ்பாக் 1981 இல் கணினி மாதிரியில் 9,000 வருடங்களுக்கு முந்திய சுற்றுப்பாதையைக் கொடுத்துப் பார்த்து, பருவக்காற்று வலுப்பதைக் காட்டினார். ஆனால் வெயில் மட்டும் போதாது. புல் முளைத்தால் நிலம் கறுக்கும், வெயிலைக் குறைவாகத் திருப்பி அனுப்பும், இலைகள் ஈரத்தைத் திரும்பக் காற்றுக்குக் கொடுக்கும், தூசி அடங்கும். இவை சேர்ந்துதான் மழையை உள்நாடுவரை கொண்டுபோயின. சுற்றுப்பாதையை மட்டும் சொல்லி நிறுத்துகிற விளக்கம் பாதி விளக்கம்.

இங்கே எங்கள் ஆட்கள் வழுக்கக்கூடிய ஓரிடம் இருக்கிறது. அதே காலத்தில் தென்மேற்குப் பருவக்காற்றும் வலுத்திருந்தது. ஓமான் குகைகளின் கல்விழுதுகள் அதைப் பதிந்து வைத்திருக்கின்றன. அப்படியானால் யாழ்ப்பாணமும் அப்போது செழித்திருக்கும் என்று முடிவு கட்டலாமா? கட்டக்கூடாது. சோளகம் என்கிற அந்தத் தென்மேற்குக் காற்று இரத்தினபுரியை நனைத்துவிட்டு எங்களிடம் வரும்போது வெறும் காற்றாகவே வருகிறது. எங்களுக்கு மழை தருவது வாடைக் காலம். ஒரு காற்று வலுத்தால் எல்லா ஊருக்கும் மழை என்ற கணக்கு, யாழ்ப்பாணத்துப் புழுதியில் நின்று பார்ப்பவருக்கே பொருந்தாது என்று தெரியும்.

எல்லாப் பாலைவனங்களும் ஒன்றாக நனைந்து ஒன்றாகக் காய்ந்தன என்று நினைப்பதும் இதே வகைத் தவறு. அமெரிக்காவின் பொன்வில் ஏரி சுமார் 18,000 வருடங்களுக்கு முன் நிறைந்திருந்தது. சகாரா அப்போது வறண்டிருந்தது. பொன்வில் பக்கத்தில் மழை குளிர்காலப் புயல்களோடு வந்தது. வடக்கே கிடந்த பனிப்பாளங்கள் அந்தப் புயல்களைத் தெற்கே தள்ளின. தென் அமெரிக்காவின் அட்டகாமாப் பாலைவனத்தில் கதை வேறு, அந்தீஸ் மலையும் கரையோரக் குளிர் நீரோட்டமும் ஈரத்தை மறிக்கின்றன.

ஆண்டுக் கணக்கில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி உண்டு. பழைய எச்சங்களிலுள்ள கதிரியக்கக் காபனை அளந்து பெறும் வயதும் நாட்காட்டி வயதும் ஒன்றல்ல. ராஜஸ்தானின் லூன்கரன்சர் ஏரி 4,800 காபன் வருடங்களுக்கு முன் முற்றாக வற்றியது என்று 1999 இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. அதை அப்படியே எடுத்தால், 4,600 வருடங்களுக்கு முன் எழுந்த பெரும் ஹரப்பா நகரங்களுக்குச் சற்று முன்னர்தான் ஏரி வற்றியது போலத் தெரியும். திருத்திய நாட்காட்டிக் கணக்கில் அது ஏறத்தாழ 5,500 வருடம். அந்த நகரங்கள் எழுந்தது ஏரி வற்றி ஒன்பது நூற்றாண்டுகள் கழித்து. எண்ணுக்குப் பின்னால் எந்த வருடம் நிற்கிறது என்று பார்க்காமல் வரலாறு எழுதக்கூடாது.

சகாரா சட்டென்று காய்ந்ததா, மெல்லக் காய்ந்ததா என்று சண்டை பிடிக்கிறவர்களும் ஒரே இடத்துப் பதிவை முழுப் பாலைக்கும் போடுகிறார்கள். மொரித்தானியாக் கரையோரக் கடலடிச் சேற்றில் 5,500 வருடங்களுக்கு முன் தூசி திடீரென உயர்கிறது. வடக்குச் சாட்டின் யோவா ஏரியிலோ, மெல்லிய படலம் படலமாக 6,000 வருடங்கள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. அதிலுள்ள மகரந்தத்தில் மரங்கள் குறைந்து, புல் குறைந்து, மெல்ல மெல்லப் பாலை வருவதைக் காணலாம். அந்த ஏரி உப்பாகியதே சுமார் 4,000 வருடங்களுக்கு முன்தான். இரண்டும் உண்மை, இடங்கள்தான் வேறு.

"எல்லாம் இயற்கையாக மாறியதுதானே, இப்போதைய வெப்பமாதலும் அப்படித்தான்" என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அச்சின் ஆட்டம் ஒரு மனித ஆயுளில் செய்கிற மாற்றம் மிகச் சிறிது. கடந்த நூறு வருட வெப்ப உயர்வை அதன் தலையில் போட முடியாது. மறுபக்கம், சகாராவின் தென்விளிம்பான சாகேலில் 1970களில் வந்த பஞ்சத்துக்கு ஆடுமாடு மேய்த்தவர்களைக் குற்றம் சாட்டியதும் நியாயமில்லை. கடல் மேற்பரப்பின் வெப்பநிலை மாறியதே முக்கிய காரணம் என்று பின்னர் தெரிந்தது.

கடைசித் தவறு எங்கள் முற்றத்துக்கே வருகிறது. லிபியாவும் சவூதியும் பாலைக்கு அடியிலிருந்து தண்ணீர் எடுக்கின்றனவே, நாங்களும் ஆழத் துளைத்தால் என்ன என்று கேட்கிறார்கள். அங்கே எடுப்பது பெரும்பாலும் பழைய ஈரக் காலங்களில் சேர்ந்த நீர். இன்றைய மழை அதை நிரப்பாது. சவூதி அரசாங்கம் 2008 இல் கோதுமைச் செய்கையைப் படிப்படியாகக் குறைக்கத் தீர்மானித்ததும் அதனால்தான். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லுக்குள் இருப்பது வாடை மழை வருடாவருடம் நிரப்பும் நன்னீர், அது கடல்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. ஆழத் துளைத்தால் பழைய தண்ணீர் வராது, உப்புத்தான் வரும்.