அமெரிக்கத் தேர்தல் இழுபறியானால் சென்னையில் உட்கார்ந்துகொண்டு எதைக் கவனிப்பது

ராத்திரி கண்விழிக்க வேண்டாம். அங்கே செவ்வாய்க்கிழமை ஓட்டுப்பதிவு என்றால் இங்கே முடிவுகள் வர ஆரம்பிப்பது புதன் விடியற்காலை ஐந்தரை வாக்கில்தான், பால் பாக்கெட் எடுக்க எழுந்திருக்கும்போது டிவியைப் போட்டால் போதும்.

நாடு முழுக்க யாருக்கு எத்தனை கோடி ஓட்டு என்று ஓடும் பட்டையைப் பார்க்காதீர்கள். மாநிலவாரியாகத் தேர்வாகி, அதிபருக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் மொத்தம் 538 தேர்வாளர்கள், அதில் 270 பேர் கிடைத்தால் அதிபர். 2000-ல் அல் கோர் நாடு முழுக்க 5 லட்சம் ஓட்டுக்கு மேல் கூடுதலாக வாங்கியும் புளோரிடா மாநிலத்தில் 537 ஓட்டில் தோற்று, அதிபர் பதவியையே இழந்தார். அங்கே நடந்த மறு எண்ணிக்கையை டிசம்பர் 12-ல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியதோடு கதை முடிந்தது. நம்மூர் போல ஒரே தேர்தல் ஆணையம் முடிவை அறிவிக்கிற ஏற்பாடு அங்கே கிடையாது, மாநிலத்துக்கு மாநிலம் தனிக் கணக்கு. அதனால் தகராறு என்றதும் எந்த மாநிலம், எத்தனை ஓட்டு வித்தியாசம், எந்தக் கோர்ட் என்று மட்டும் தேடுங்கள். வித்தியாசம் ஐம்பதாயிரம் என்றால் மறு எண்ணிக்கையில் மாறும் என்று நான் நம்ப மாட்டேன்.

அப்புறம் தேதிகள். டிசம்பர் நடுவில் தேர்வாளர்கள் ஓட்டு, ஜனவரி 6 நாடாளுமன்றத்தில் அந்த ஓட்டுகளின் எண்ணிக்கை, 20 பதவியேற்பு. 2021-ல் அந்த எண்ணிக்கை நாளன்று நாடாளுமன்றத்தில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, 2022-ல் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள்: ஒரு மாநிலத்தின் கணக்கை ஆட்சேபிக்க முன்பு அவைக்கு ஒருவர் போதும், இப்போது இரு அவையிலும் ஐந்தில் ஒரு பங்கு வேண்டும். தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் யாருக்காகப் பூஜை நடந்ததோ அந்தக் கமலா ஹாரிஸ்தான், துணை அதிபர் என்ற முறையில், 2025-ல் தன் தோல்விக் கணக்கைத் தானே அறிவித்தார்.

சரி, ஜெயித்தவர் வெளியுறவில் எதைப் புரட்ட முடியும்? அந்த விஷயம் சட்டத்தில் இருக்கிறதா, வெறும் கையெழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரான் அணு ஒப்பந்தத்தை 2015-ல் ஒபாமா மேலவையான செனட்டின் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதலுக்கு அனுப்பவே இல்லை, 2018-ல் டிரம்ப் ஒரே கையெழுத்தில் வெளியேறினார், அமெரிக்கத் தடை திரும்பியதால் 2019 மே மாதத்தோடு இந்தியா ஈரான் எண்ணெயை நிறுத்தியது; ஈரான் நிறுவனம் ஒன்றுக்கு 15 சதவீதப் பங்கு இருக்கிற நம்ம மணலி ஆலைக்கும் அந்தக் கச்சா எண்ணெய் இல்லாமல் போனது. நேட்டோ ராணுவக் கூட்டணி அப்படியில்லை, அதிபர் தன்னிச்சையாக விலக முடியாதபடி 2023 டிசம்பரில் சட்டம் போட்டுவிட்டார்கள்.

ஜெமினி பாலத்துப் பக்கம் விசா வரிசையில் நிற்பவர்களுக்கு: ஹெச்1பி வேலை விசா எண்ணிக்கை, ஆண்டுக்கு 65,000-மும் அங்கே முதுகலை படித்தவர்களுக்குக் கூடுதல் 20,000-மும், சட்டத்தில் இருக்கிறது, அதில் கை வைக்க அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் வேண்டும். புது விண்ணப்பங்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் வந்ததே, அது அதிபரின் ஒரு பிரகடனம்தான்.