உறவினர்களிடம் எல்லை வகுக்கும்போது எங்கே பிசகுகிறது?

உறவினர் கேட்பதில் எதற்கு இணங்குவேன், எதற்கு இணங்கமாட்டேன் என்று எல்லை வகுக்கக் கிளம்பும் பலர் முதலில் குற்றவாளியைத் தேடுகிறார்கள். "எல்லாம் அம்மாவால்தான்" என்று ஒருவர் தலையில் கட்டிவிட்டால் வேலை முடிந்ததுபோல் தோன்றும். குடும்பப் பழக்கம் ஒருவரிடமிருந்து மட்டும் வருவதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் முரே போவன் 1954 முதல் 1959 வரை மனச்சிதைவு நோயாளிகள் சிலரைக் குடும்பத்தோடு மருத்துவமனையிலேயே தங்கவைத்துக் கவனித்தார். ஒருவரின் பதற்றம் மற்றவரின் நடத்தையை எப்படி இழுக்கிறது என்பது அங்கே கண்கூடாகத் தெரிந்தது.

ஆகவே மூன்று தலைமுறையை ஒரே தாளில் வரையுங்கள். குடும்ப ஆலோசகர்கள் இதை ஜெனோகிராம் என்பார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். சண்டைக்கு ஏறி இறங்கும் கோடு, பேச்சு அற்றுப்போன இடத்தில் நடுவே வெட்டிய கோடு. பக்கத்தில் இறப்பு, இடமாற்றம், கடன் நேர்ந்த ஆண்டுகளைக் குறியுங்கள். யார் கோபித்தால் யார் சமாதானம் செய்கிறார், பணம் கேட்டால் யாரால் மறுக்க முடிவதில்லை என்றும் எழுதுங்கள். பாட்டி பார்த்த சமாதான வேலை அம்மா வழியாக உங்கள் தோளில் ஏறியிருப்பது அப்போது கண்ணில் படலாம். உங்கள் பெயருக்குக் கீழேயும் எழுத வேண்டும். அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்த தவறு, எல்லையைக் கட்டளையாகச் சொல்வது. "என் கல்யாணத்தைப் பத்தி இனிப் பேசாதீங்க அத்தை" என்றால், அது நடப்பதும் நடக்காததும் அத்தை கையில். "அந்தப் பேச்சு வந்தா போனை வச்சிடுவேன் அத்தை, நாளைக்கு நானே கூப்பிடுறேன்" என்பது உங்கள் கையில். இவ்வளவு போதும். காரணங்களை அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் மறுப்பு வரும். சண்டைக்கு நடுவே சொல்லாதீர்கள். தங்கையிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். இருவரின் பதற்றத்தை மூன்றாமவர் சுமக்கும் பழக்கம் அப்படித்தான் அடுத்த தலைமுறைக்குப் போகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சறுக்கல், மூன்று முறை உறுதியாக இருந்து நான்காம் முறை இணங்கிவிடுவது. பழகிய பதில் கிடைக்காதபோது வற்புறுத்தல் முதலில் ஏறக்கூடும்: அழுகை, விடாத அழைப்புகள், மற்ற உறவினர்களின் சிபாரிசு. அந்த உச்சத்தில் விட்டுக்கொடுத்தால், இன்னும் கொஞ்சம் அழுத்தினால் காரியம் நடக்கும் என்று நீங்களே கற்றுக்கொடுத்ததாகிவிடும். எப்போதாவது பலன் தரும் நடத்தை லேசில் மறையாது. அதனால் ஒவ்வொரு முறையும் உங்களால் செய்ய முடிந்ததை மட்டுமே சொல்லுங்கள். "இனி வரவே மாட்டேன்" என்றுவிட்டு அடுத்த வாரம் போய் நிற்பதைவிட, "ஒரு மணி நேரம் இருந்துட்டுக் கிளம்பிடுவேன்" என்று சொல்லி அப்படியே கிளம்புவது மேல். குற்ற உணர்வு வரத்தான் செய்யும். அதற்காகச் சொன்னதை மாற்றாதீர்கள்.

கோபத்தில் உறவை ஒரேயடியாக அறுப்பதையும் போவன் எச்சரித்தார்: தூரம் போனாலும் தீராத பதற்றம் மணவாழ்க்கையிலோ பிள்ளைகளிடமோ தலைகாட்டும். ஆனால் அடி, மிரட்டல், பாலியல் அத்துமீறல் உள்ள இடத்தில் மேலே சொன்ன பேச்சு எதுவும் பொருந்தாது. அங்கே எல்லையை நேரில் அறிவிக்காதீர்கள். தங்க ஓர் இடமும் துணைக்கு ஓர் ஆளும் உறுதியான பின், முதலில் வெளியேறுங்கள்.