மொட்டை மாடி ஏசி யூனிட்டை மறைக்கலாம், மெக்கானிக்கின் வழியை மறைக்காமல்

ஏசி சர்வீஸில் தொழில் கற்று, அப்புறம் அலுமினிய, இரும்பு ஃபேப்ரிகேஷனுக்கு வந்தவன் நான். மாடியில் இருக்கும் அவுட்டோர் யூனிட்டுகளை மறைத்துத் தரச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு படம் இருக்கும். மரக் கலரில், பட்டை பட்டையாக, சந்து தெரியாத அழகான பெட்டி. ஸ்பேனரோடு ஒரு ஆள் அதற்குள் எப்படிப் போவான் என்பது படத்தில் இருக்காது. கதவையே வரைந்திருக்க மாட்டார்கள்.

அந்த ஆளை வைத்துத்தான் நான் அளவெடுக்க ஆரம்பிப்பேன். உதாரணத்துக்கு சென்னை வடபழனியில் நூறடி சாலையை ஒட்டி நாங்கள் செய்த ஒரு ஸ்கேன் சென்டரை எடுத்துக்கொள்கிறேன். தரைத்தளமும் மேலே மூன்று மாடியும். மொட்டை மாடியில் மேல்பக்கம் காற்றைத் தள்ளும் விஆர்எஃப் யூனிட்டுகள் (ஒரே அவுட்டோரில் பல அறைகளுக்கு ஓடும் ஏசி), சில ஸ்ப்ளிட் அவுட்டோர்கள், பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிகள்.

யார் கண்ணுக்குத் தெரிகிறது?

இதைக் கேட்காமல் நாலு பக்கமும் அடைப்பதுதான் பாதி செலவுக்குக் காரணம். எதிர் பிளாட்பாரத்தில் ஒருவர் நிற்கிறார் என்று வையுங்கள். கண் 1.5 மீட்டர் உயரத்தில், கட்டிடத்திலிருந்து 15 மீட்டர் தள்ளி. கைப்பிடிச் சுவரின் உச்சி தெருவிலிருந்து 13 மீட்டர். அவர் கண்ணிலிருந்து சுவர் உச்சியைத் தொடும் கோடு 15 மீட்டருக்குள் 11.5 மீட்டர் ஏறுகிறது. சுவரைத் தாண்டி 3 மீட்டர் உள்ளே போவதற்குள் அது இன்னும் 2.3 மீட்டர் ஏறிவிடும். சுவர் 1 மீட்டர் உயரம் என்றால், அந்த இடத்தில் மாடித் தரையிலிருந்து 3.3 மீட்டர் வரை இருக்கும் எதுவும் அவருக்குத் தெரியாது. விஆர்எஃப் யூனிட் ஏறக்குறைய 1.7 மீட்டர்தான். ஆக, எதிரில் நிற்பவருக்காக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். யூனிட்டை 3 மீட்டர் உள்ளே தள்ளி வைத்தாலே போதும். 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு இதே கணக்கைப் போட்டால் கோடு 1.35 மீட்டரில் போகிறது. யூனிட்டின் மேல்பகுதி ஓர் அடிக்குமேல் தெரியும். அவ்வளவு தூரத்திலிருந்து அதைக் குறை சொல்ல யாரும் மெனக்கெடுவதில்லை.

நூறடி சாலையில் சிக்கல் வேறு. 2015 ஜூனில் கோயம்பேடு–ஆலந்தூர் மெட்ரோ உயரப் பாலத்தில் ஓட ஆரம்பித்ததும் அந்தச் சாலையின் மொட்டை மாடிகள் எல்லாம் முகப்பாகிவிட்டன. ரயிலில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த மாடி ஏறக்குறைய கண் மட்டம். (மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் இதை எங்களுக்கு முன்பே கண்டுபிடித்திருப்பார்கள்.)

அதனால் நாங்கள் செய்தது: மறைப்பு வரவேண்டிய இடத்தில் இரண்டு சவுக்குக் கம்பை நிறுத்தி, நினைத்த உயரத்தில் கயிறு கட்டி, பழைய ஃபிளெக்ஸ் பேனரைத் தொங்கவிட்டோம். ஒரு பையனை ரயிலில் அனுப்பி ஜன்னல் வழியாகப் போனில் வீடியோ எடுக்கச் சொன்னோம். சாலைப் பக்கமும், அதிலிருந்து திரும்பும் ஒரு பக்கத்தில் கொஞ்சமும் மறைத்தால் போதும் என்பது அந்த வீடியோவிலேயே தெரிந்துவிட்டது. தொட்டிகளை மாடிப்படி அறையே மறைத்துக்கொண்டது. ஓனர் டாக்டரம்மாவிடம் வீடியோவைக் காட்டினோம். நாலு பக்கப் பெட்டி இரண்டு பக்கமாகக் குறைந்தது.

மெக்கானிக்கை நிற்க வைத்துக் கோடு போடுங்கள்

வரைபடம் போடும் முன் அந்த ஏசிக்கு வழக்கமாக வரும் சர்வீஸ் ஆளை மாடிக்கு வரவழையுங்கள். "தம்பி, இந்த யூனிட்டில் கம்ப்ரஸர் மாத்தணும்னா எந்தப் பக்கமா இழுப்பே?" என்று கேளுங்கள். அவர் குந்தி உட்காரும் இடம், கழற்றிய பேனலைச் சாய்த்து வைக்கும் இடம், கேஸ் சிலிண்டரும் கேஜும் வைக்கும் இடம் மூன்றையும் சாக்பீஸால் தரையில் வரையுங்கள். மறைப்பின் தூண் எதுவும் அந்தக் கோட்டுக்குள் வரக்கூடாது.

கம்பெனி மேனுவலில் ஒவ்வொரு பக்கத்துக்கும் குறைந்தபட்ச இடைவெளி போட்டிருக்கும். பல பேர் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். பின்பக்கம் 300 மில்லிமீட்டர் என்று இருந்தால் அது பெரும்பாலும் காற்றுக்கான இடம், ஆளுக்கானதல்ல. சூட்டை வெளியேற்றும் காயிலைத் தண்ணீர் அடித்துக் கழுவ ஒருவர் பக்கவாட்டில் நுழைந்து, குனிந்து, ஓஸ் பைப்பைத் திருப்ப வேண்டும். அதற்கு 600 வேண்டும். சர்வீஸ் பேனல் இருக்கும் முன்பக்கத்தில் நான் ஒரு மீட்டருக்குக் குறைய விடுவதில்லை.

காற்று

மறைப்பால் ஏசி கெடுகிறது என்றால் பத்தில் ஒன்பது முறை காரணம் ஒன்றுதான்: தான் கக்கிய சூட்டையே யூனிட் மறுபடி இழுக்கிறது. பிரஷர் ஏறும், கரண்ட் அதிகம் இழுக்கும், மே மாத மதியத்தில் ஹை பிரஷரில் டிரிப் ஆகும்.

மேலே காற்றுத் தள்ளும் யூனிட்டுக்கு, மறைப்பின் உச்சி ஃபேன் வாய்க்கு மேலே போகக்கூடாது. போனால் மறைப்பு கிணறு மாதிரி ஆகி, மேலே போன சூடு உள்ளேயே இறங்கும். வடபழனியில் யூனிட்டை 30 சென்டிமீட்டர் ஸ்டாண்டில் ஏற்றினோம். 1.7 மீட்டரோடு சேர்த்து 2 மீட்டர். மறைப்பின் உச்சியும் 2 மீட்டர். மறைப்பை இதைவிட உயர்த்தியே ஆகவேண்டும் என்றால் ஃபேன் வாயில் டக்ட் வைத்து அந்த உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த டக்டால் ஃபேனுக்கு வரும் சுமையைக் கம்பெனியிடம் கேட்டுச் செட்டிங் மாற்ற வேண்டும். மேலே கூரை போடவே கூடாது.

முன்பக்கம் ஊதும் ஸ்ப்ளிட் அவுட்டோர்களைத் திருப்பி வைத்தோம்: முதுகு மறைப்பின் பக்கம், ஊதும் முகம் திறந்த பக்கம். ஒன்றின் சூடு இன்னொன்றின் முதுகில் அடிக்காதபடி ஒரே வரிசையில்.

கீழே 30 சென்டிமீட்டர் திறந்தே இருக்கட்டும். காற்று வரும், மழைத் தண்ணீர் தூம்புக்குப் போகும், வேப்பஞ்சருகைத் துடைப்பத்தால் தள்ள முடியும்.

லூவர் எந்தப் பக்கம் சாயணும்?

மறைப்பில் சாய்த்து அடுக்கும் பட்டைகள்தான் லூவர். எந்தப் பக்கம் சாயணும் என்று கேட்காமல் ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள். கடையில் கிடைக்கும் மழை லூவரில் பட்டையின் வெளிவிளிம்பு தாழ்ந்தும் உள்விளிம்பு உயர்ந்தும் இருக்கும். தெருவிலிருந்து அண்ணாந்து பார்ப்பவரின் பார்வையும் அதே சாய்வில்தான் ஏறுகிறது. அதனால் கீழிருந்து பார்த்தால் பட்டைகளுக்கு நடுவே உள்ளே இருப்பது தெரியும்! கீழிருந்து பார்ப்பவர்தான் உங்கள் கவலை என்றால் பட்டையைத் தலைகீழாக மாட்டுங்கள். மழை உள்ளே வரும். வரட்டும், அவுட்டோர் யூனிட் மழையில் நிற்கவே செய்யப்பட்டது. பார்வை நேர் மட்டத்திலோ மேலிருந்தோ வந்தால் சாதாரணச் சாய்வே சரி. வடபழனியில் கவலை மெட்ரோ என்பதால் அப்படியே விட்டோம்.

100 மில்லிமீட்டர் பட்டையை 45 டிகிரி சாய்த்தால் அதன் நேர் உயரம் 70 மில்லிமீட்டர் வரும். 70-க்கு ஒரு பட்டை வைத்தால் நேர்ப்பார்வை அடைபடும். பட்டைகளுக்கு நடுவே காற்றுக்கு 50 மில்லிமீட்டர் சந்து கிடைக்கும். ஓட்டை போட்ட தகட்டில் இந்த வசதி இல்லை. ஓட்டையைக் கூட்டினால் உள்ளே இருப்பது தெரியும், குறைத்தால் மூச்சு முட்டும். பச்சை நெட் பற்றிக் கேட்காதீர்கள். வெயிலில் நைந்து, கிழிந்த துண்டு காயிலில் போய் ஒட்டிக்கொள்ளும்.

புயல்

2016 டிசம்பர் 12 வர்தா சென்னையில் என்னவெல்லாம் பிய்த்துப் போட்டது என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 மூன்றாம் பகுதியில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். கோவைக்கு 39. வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன். சுமார் 150 கிலோ. உயரம், இடம், ஆயுள் எல்லாவற்றுக்கும் திருத்தம் உண்டு, ஆனால் சைஸ் இதுதான். 1.2 மீட்டர் அகலம், 1.7 மீட்டர் உயரம் உள்ள ஒரே ஒரு பேனல் மூடியதாக இருந்தால், 300 கிலோ பக்கவாட்டில் தள்ளும். லூவரில் காற்று கொஞ்சம் நுழையும் என்று சொல்லித் தள்ளுபடி கேட்பவர்களுக்கு நான் அதிகம் கொடுப்பதில்லை.

இந்த 300 கிலோவைப் பிடிக்க, மாடித் தரைமேல் போட்ட செங்கல் ஜல்லி சுண்ணாம்பு வெதரிங் கோர்ஸில் நாலு ஆங்கர் போல்ட் அடித்தால் அது பிடிமானமே இல்லை. போனஸாகக் கீழ்மாடியில் ஒழுகும். கைப்பிடிச் சுவரில் பிடிப்பது அதைவிட ஆபத்து. பக்கவாட்டுத் தள்ளலுக்குக் கட்டிய சுவர் இல்லை அது. காற்று சுவரையும் சேர்த்துத் தெருவில் தள்ளும். கட்டிடத்தின் தூண் அல்லது பீம் எங்கே ஓடுகிறது என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வைத்துக் கண்டுபிடியுங்கள். அந்த இடத்தில் மட்டும் வெதரிங் கோர்ஸைக் கொத்தி, கெமிக்கல் ஆங்கரில் (துளையில் பசை விட்டுப் பிடிக்கும் முறை) கம்பி வைத்து, தரைக்கு மேல் ஓர் அடி கான்கிரீட் கட்டை எழுப்புங்கள். வாட்டர்ப்ரூஃபிங்கைக் கட்டையின் பக்கவாட்டில் ஏற்றிவிட்டு, அதன் தலையில் மறைப்பின் தூணை போல்ட் போடுங்கள். அப்போது போல்ட் தண்ணீரில் நிற்காது.

கதவும் பேனலும்

ஸ்க்ரூ போட்ட பேனலுக்கு ஆயுள் இரண்டு சர்வீஸ். அதற்குள் பாதி ஸ்க்ரூ தொலைந்து, மீதிப் பேனல் கட்டுக்கம்பியில் தொங்கும். நாங்கள் பேனலின் பின்னால் கொக்கி வைத்து, தூணின் பள்ளத்தில் மேலிருந்து இறக்கி மாட்டுகிறோம். காற்று தூக்கிவிடாமல் கீழே ஒரு திருகு தாழ்ப்பாள். ஒரு பேனல் 20 கிலோவுக்குள் இருந்தால் இரண்டு பேர் கழற்றி ஓரமாகச் சாய்க்கலாம்.

கதவு 900 மில்லிமீட்டர் அகலத்துக்குக் குறையாமல், வெளிப்பக்கம் திறக்கும்படி, திறந்த நிலையில் மாட்டிவைக்கக் கொக்கியோடு. மாடிக் காற்றில் கதவு முதுகில் அடித்தால் மெக்கானிக் கையில் இருக்கும் காப்பர் பைப் நெளியும். பூட்டு வேண்டாம், மாடிக் கதவுக்கே பூட்டு இருக்கிறது. ஞாயிறு ராத்திரி சாவி யாரிடம் என்று தேடும் வேலை மிச்சம். ஒரு பகுதியை மட்டும் தூணோடு போல்ட்டில் விடுங்கள், வெல்டிங் வேண்டாம். என்றாவது முழு யூனிட்டையும் மாற்றும் நாள் வரும்.

யூனிட்டின் கரண்டைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் ஸ்விட்ச் கதவைத் திறந்ததும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு 16 ஆம்பியர் பிளக், ஒரு லைட். ஆள் நிற்கும் இடம் விளிம்புக்குப் பக்கத்தில் என்றால் 1.1 மீட்டர் உயரத்துக்குக் கைப்பிடிக் கம்பி போடுங்கள். லூவரையே கைப்பிடியாக நம்ப வைக்காதீர்கள்.

பொருள் விஷயத்தில் சுருக்கமாக: பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடற்கரைப் பக்கம் அலுமினியமும் 316 ஸ்டெயின்லெஸ் போல்ட்டும், இரண்டுக்கும் நடுவே நைலான் வாஷரும். கடலிலிருந்து தள்ளி உள்ள பக்கம் கால்வனைஸ் தூண் போதும், வெல்டிங் வைத்த இடத்தில் ஜிங்க் பெயின்ட் மறக்காமல். மூங்கில், மரம் எதுவும் ஜெனரேட்டர் புகைக்குழாய் பக்கம் வேண்டாம்.

லூவர் சத்தத்தைக் குறைக்காது. குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 45 டெசிபல். பக்கத்து வீட்டுக்காரர் சத்தத்துக்குப் புகார் சொன்னால் அது சத்தத்தை உறிஞ்சும் அகூஸ்டிக் லூவர் என்ற வேறு வேலை. எடை, விலை, காற்றுத் தடை எல்லாம் வேறு.

பில்லுக்கு முன்

மதியம் இரண்டு மணிக்கு எல்லா யூனிட்டையும் ஓடவிட்டு, காயில் காற்றிழுக்கும் இடத்தில் ஒரு தெர்மாமீட்டரும், மறைப்புக்கு வெளியே நிழலில் ஒன்றும் வையுங்கள். அரை மணி நேரம் கழித்து உள்ளே மூன்று டிகிரிக்கு மேல் கூடுதல் என்றால் சூடு திரும்புகிறது. இரண்டு பேனலைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள், எந்தப் பேனல் காரணம் என்று தெரிந்துவிடும். கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரையும் இரண்டு நிலையிலும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே சர்வீஸ் தம்பியைக் கூப்பிட்டு ஒரு ஃபேன் மோட்டாரைக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். அவர் எதன் மேலாவது ஏறினாலோ, எதையாவது வளைத்தாலோ, ஃபேப்ரிகேட்டரின் கடைசித் தவணையை நிறுத்தி வையுங்கள். அந்தத் தவணை வாங்குகிறவன் நான்தான், இருந்தாலும் சொல்கிறேன்.