மானிடவியலில் அடிக்கடி வரும் பிழைகள்: ஏணி எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது?

மானிடவியல் பற்றிய பாடக்குறிப்புகளிலும் கட்டுரைகளிலும் வரும் தவறுகளைக் கிளறிப் பார்த்தால், பெரும்பாலானவற்றுக்கு அடியில் ஓர் ஏணி கிடக்கும். கீழ்ப்படியில் குரங்கு, மேற்படியில் நாம். அல்லது கீழே வேட்டைச் சமூகம், மேலே நகரச் சமூகம். எலும்பைப் பற்றிப் பேசும்போது ஏணியைத் தூக்கி எறிந்தவர்கள்கூட, பண்பாட்டைப் பற்றிப் பேச வரும்போது அதை மறுபடி சாத்திவிடுகிறார்கள். அது எங்கே நுழைகிறது, அந்த இடத்தில் எப்படி எழுதினால் சரி என்று பார்ப்போம்.

குரங்கும் நாமும்

"மனிதன் சிம்பன்சியிலிருந்து வந்தான்" என்பது பிழை என்று பலருக்கும் தெரியும். மனித வழியும் சிம்பன்சி வழியும் சுமார் 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பொது மூதாதையிடமிருந்து பிரிந்தன. பிரிந்த பிறகு சிம்பன்சியும் நம்மைப் போலவே அத்தனை காலமும் பரிணமித்து வந்திருக்கிறது. அது பாதி வழியில் நின்றுபோன மனிதன் அல்ல. ஆனால் இதைத் திருத்தப் போய் எதிர்ப்பக்கம் சாய்பவர்களும் உண்டு: "நாம் குரங்கு வழியில் வந்தவர்களே அல்ல" என்பார்கள். அந்தப் பொது மூதாதை இன்று எதிரே வந்து நின்றால் அதை வாலில்லாக் குரங்கு என்றுதான் சொல்வோம். வகைப்பாட்டின்படி நாமும் அந்தக் கூட்டத்துக்குள்தான் இருக்கிறோம். "இன்று வாழும் எந்தக் குரங்கும் நம் மூதாதை அல்ல" என்று எழுதினால் இரண்டு பக்கமும் தப்பலாம்.

மூளை முதலில் பெரிதானது, அதனால் நிமிர்ந்து நடந்தோம், பிறகு கருவி செய்தோம் என்ற வரிசை இதைவிடப் பிடிவாதமானது. சான்றுகள் நேர்மாறாகச் சொல்கின்றன. டான்சானியாவின் லேட்டோலியில் எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடித் தடங்கள் சுமார் 36 லட்சம் ஆண்டுகள் பழையவை. குதிகால் அழுந்திய விதமும் பெருவிரல் மற்ற விரல்களோடு ஒட்டி நிற்பதும் இரண்டு காலில் நடந்த கால்கள் அவை என்று காட்டுகின்றன. 1974-இல் எத்தியோப்பியாவின் ஹடாரில் கிடைத்த, லூசி என்று பெயரிடப்பட்ட பெண்ணின் எலும்புக்கூடு 32 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையது. அவளுடைய இனத்தின் மூளைக் கொள்ளளவு சுமார் 400 முதல் 550 கன சென்டிமீட்டர். நம்முடைய சராசரி 1,350-ஐ ஒட்டியது. கென்யாவின் லோமெக்வியில் கிடைத்த கற்கருவிகள் 33 லட்சம் ஆண்டுப் பழமை கொண்டவை. நாம் அடங்கும் ஹோமோ பேரினத்தின் மிகப் பழைய புதைபடிவமோ சுமார் 28 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையதுதான். ஆகவே, "கருவி செய்தது ஹோமோதான்" என்று அடித்து எழுதாதீர்கள்.

இந்தத் தப்பான வரிசை அறிவியலையே நாற்பது ஆண்டுகள் ஏமாற்றியிருக்கிறது. 1912-இல் இங்கிலாந்தில் அறிவிக்கப்பட்ட பில்ட்டவுன் 'மனிதன்', நவீன மனித மண்டையோட்டையும் ஒராங்குட்டான் தாடையையும் சேர்த்துச் செய்த போலி. பல் தேய்ந்ததுபோல் தெரிய அதை அரத்தால் ராவி, எலும்புக்குப் பழுப்பு நிறம் ஏற்றியிருந்தார்கள். 1953-இல்தான் குட்டு உடைந்தது. பெரிய மூளையும் குரங்குத் தாடையும் சேர்ந்த ஒன்று கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அதுவே கிடைத்ததால் பலரும் துருவிப் பார்க்கவில்லை. இடையில் 1924-இல் தென்னாப்பிரிக்காவின் டாங்கில் ஒரு குழந்தை மண்டையோடு கிடைத்தது. அதன் மூளை சிறியது. ஆனால் தண்டுவடம் நுழையும் பெருந்துளை மண்டையின் அடியில் முன்னோக்கி இருந்தது. தலை நிமிர்ந்த உடலின் மேல் உட்கார்ந்திருந்தது என்பதற்கான அடையாளம் அது. உடற்கூற்றியலாளர் ரேமண்ட் டார்ட் இதை 1925-இல் எழுதியபோது பலரும் பொருட்படுத்தவில்லை.

ஆஸ்ட்ரலோபித்தேகஸ் (லூசியின் பேரினம்), பிறகு ஹோமோ பேரினத்தின் ஹேபிலிஸ், எரக்டஸ், நியாண்டர்தால், கடைசியாக நாம், அதாவது சேப்பியன்ஸ் என்று அம்புக்குறி போட்டு எழுதுவதும் ஏணிதான். நியாண்டர்தால்கள் நம் பெற்றோர் அல்ல, உறவினர். 1 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் நாம், ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் நியாண்டர்தால், ஆசியாவில் டெனிசோவன் என்ற இன்னொரு மனிதக் கிளை, இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் 400 கன சென்டிமீட்டர் மூளையோடு புளோரசியென்சிஸ் என்ற சிறிய மனித இனம் என எல்லாரும் ஒரே காலத்தில் வாழ்ந்தோம். கிளைகள் பிரிந்தபின் மறுபடி கலக்கவும் செய்தன: 2010-இல் வெளியான நியாண்டர்தால் மரபணுத் தொகுப்பு, ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேர்கொண்ட மக்களிடம் நியாண்டர்தால் பங்கு இருப்பதைக் காட்டியது. இன்றைய மதிப்பீடு சுமார் 1 முதல் 2 சதவீதம்.

"நவீன மனிதன் 2 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கிழக்கு ஆப்பிரிக்காவில் தோன்றினான்" என்ற வரி பழைய குறிப்புகளிலிருந்து இன்னும் நகலாகிக்கொண்டிருக்கிறது. மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத் எலும்புகள் சுமார் 3 லட்சம் ஆண்டுகள் பழையவை என்று 2017-இல் அறிவிக்கப்பட்டது. முகம் நம் முகம்போல இருந்தாலும் மண்டை இன்னும் நீளவாக்கில்தான் இருக்கிறது. உடலமைப்பு ஒரே வீச்சில் மாறிவிடவில்லை. ஒரு நாளையும் ஓர் ஊரையும் சுட்டாமல், "சுமார் 3 லட்சம் ஆண்டுகளாக, ஆப்பிரிக்காவில்" என்று எழுதுங்கள்.

'மைட்டோகாண்ட்ரியா ஏவாள்' என்ற பெயரில் தொடங்கிய குழப்பம் 1987-இலிருந்து ஓயவில்லை. அவள் அன்றைய ஒரே பெண் அல்ல, முதல் பெண்ணும் அல்ல. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்குப் போகும். ஒரு பெண்ணுக்கு மகன்கள் மட்டுமே பிறந்தால், பேரப்பிள்ளைகள் எத்தனை இருந்தாலும் அவளுடைய அந்தக் கோடு அங்கேயே அறுந்துவிடும். அறுபடாமல் மிஞ்சிய கோடுகளைப் பின்னோக்கி இழுத்தால் சந்திக்கும் புள்ளிதான் ஏவாள். அவளோடு வாழ்ந்த மற்றப் பெண்களின் பிற மரபணுக்கள் இன்றும் நம்மிடம் இருக்கலாம்.

ஆண்டுக் கணக்கில் நேரும் சறுக்கல்கள்

லூசியின் வயதைக் 'கார்பன் முறையில் கண்டுபிடித்தார்கள்' என்று எழுதினால் அந்தக் கட்டுரையை அதற்குமேல் நம்ப வேண்டியதில்லை. கார்பன்-14இன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 5,730 ஆண்டுகள். பத்து அரை ஆயுள் கடந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். எனவே சுமார் 50,000 ஆண்டுகளோடு இந்த முறையின் எல்லை முடிகிறது. லூசி போன்றவற்றுக்கு எலும்பை அல்ல, அதைச் சுற்றியுள்ள எரிமலைப் படிவுகளை அளக்கிறார்கள். பொட்டாசியம்-40இன் அரை ஆயுள் சுமார் 125 கோடி ஆண்டுகள். அது சிதைந்து உண்டாகும் ஆர்கானை அளந்து, மேலடுக்குச் சாம்பலின் வயதையும் கீழடுக்கின் வயதையும் கண்டுபிடித்தால், எலும்பு இரண்டுக்கும் இடைப்பட்டது.

கார்பன் முறைக்குள்ளேயே வழுக்கும் இடங்கள் வேறு உண்டு. கல்லை இதில் அளக்க முடியாது. கருவியோடு கிடைத்த கரியைத்தான் அளக்க முடியும். எலி வளை தோண்டி மேலடுக்குக் கரியைக் கீழே தள்ளியிருந்தால் கிடைக்கும் எண் கருவியின் வயதாக இருக்காது. மாசு கலப்பது இன்னும் மோசம்: கார்பன்-14 முற்றிலும் தீர்ந்துபோன மாதிரியில் வெறும் 1 சதவீதம் நவீனக் கார்பன் கலந்தாலே அது சுமார் 37,000 ஆண்டு என்று காட்டும். அறிக்கைகளில் வரும் 'இன்றைக்கு முன்' என்பதில் 'இன்று' 1950-ஐக் குறிக்கும். ஆய்வகம் தரும் கச்சா எண்ணை மரவளையம் போன்றவற்றோடு ஒப்பிட்டுத் திருத்தாமல் நாட்காட்டி ஆண்டாக எழுதக்கூடாது: 10,000 கார்பன் ஆண்டு என்பது நாட்காட்டியில் ஏறத்தாழ 11,500.

எண்ணில் நேரும் இன்னொரு தவறு, "அந்தக் காலத்தில் முப்பது வயதிலேயே செத்துப்போனார்கள்" என்பது. பிறந்த பத்துப் பேரில் நான்கு பேர் ஒரு வயதில் இறந்து, ஆறு பேர் 60 வயது வரை வாழ்ந்தால் சராசரி 36.4 வரும். முப்பத்தாறு வயதில் யாருமே சாகவில்லை. குழந்தை இறப்பைத் தனியே சொல்லாத சராசரியைப் பயன்படுத்தாதீர்கள்.

மனித வேறுபாட்டைப் பற்றி ஒரு குறிப்பு. மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள்கூட்டத்துக்குள்ளேயே இருப்பதை 1972-இல் மரபியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின் காட்டினார். ஆனால் இதிலிருந்து "யாருடைய பூர்விகத்தையும் மரபணுவில் காண முடியாது" என்று முடிவுகட்ட முடியாது. பூர்விகத்தைத் தடம்பிடிக்கலாம், மனிதரைச் சில பெட்டிகளாக வெட்டும் கோடுதான் கிடைக்காது.

சமூகத்துக்கு வரும்போது

1877-இல் அமெரிக்க மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் சமூகங்களைக் காட்டுநிலை, அநாகரிகநிலை, நாகரிகநிலை என அடுக்கினார். அந்தச் சொற்கள் மறைந்தாலும் அடுக்கு மறையவில்லை. இன்றைய வேட்டை-உணவு சேகரிப்போரைக் 'கற்கால மனிதரின் மிச்சம்' என்று எழுதும் பழக்கம் அதன் நேர் வாரிசு. ஆப்பிரிக்காவின் தெற்கில் உள்ள கலஹாரிப் பாலைநிலத்தின் சான் மக்கள் நூற்றாண்டுகளாகக் கால்நடை வளர்ப்போரோடும் உழவரோடும் கொடுக்கல் வாங்கலில் இருந்தவர்கள். அவர்களுக்கும் நம் அளவுக்கே நீண்ட வரலாறு உண்டு. வேளாண்மைக்குப் பிறகுதான் பெரிய கட்டுமானம் என்ற வரிசையும் ஆட்டம் கண்டுவிட்டது: துருக்கியின் கோபெக்லி தெப்பேயில் சுமார் கி.மு. 9500-இலேயே பிரம்மாண்டமான கல்தூண்கள் நின்றன. அவற்றை நட்டவர்கள் காட்டு விலங்கையும் காட்டுத் தானியத்தையும் உண்டு வாழ்ந்தவர்கள்.

தாய்வழிச் சமூகம் என்றால் பெண்ணாட்சி என்று எண்ணுவது தேர்வு விடைத்தாள்களில் நிரந்தரமாக வரும் தவறு. பாப்புவா நியூ கினியின் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் குலம் தாய்வழியே போகிறது. ஆனால் தலைவர்கள் ஆண்களே, பதவி தாய்மாமனிடமிருந்து அவருடைய சகோதரியின் மகனுக்குப் போகும். வம்சம் யார் வழி, சொத்து யார் கைக்கு, முடிவு யார் எடுப்பது, மணமானபின் எங்கே வாழ்வது என்ற நான்கையும் தனித்தனியே கேளுங்கள். நான்கிற்கும் ஒரே விடை வர வேண்டியதில்லை.

அதே தீவுகளின் குலா என்ற சடங்குப் பரிசுப் பரிமாற்றத்தைப் 'பண்டமாற்று' என்று எழுதுவதும் தப்பு. சிவப்புச் சிப்பி மாலைகள் ஒரு திசையிலும் வெள்ளைச் சிப்பிக் கைவளைகள் எதிர்த்திசையிலும் தீவு தீவாகச் சுற்றுகின்றன. பேரம் பேசினால் அவமானம். பேரம் பேசி மாற்றிக்கொள்வதற்கு அவர்களிடமே கிம்வாலி என்று வேறு பெயர் இருக்கிறது.

பண்பாட்டுச் சார்பியம் என்றால் எல்லாவற்றையும் சரி என்று ஏற்பது என நினைக்கிறவர்கள் அதிகம். ஒரு வழக்கத்தை முதலில் அதன் சூழலுக்குள் வைத்துப் புரிந்துகொள் என்பது ஆய்வு முறை, ஒப்புதல் வேறு. அமெரிக்க மானிடவியல் சங்கமே 1947-இல் உலகளாவிய மனித உரிமை அறிக்கை குறித்துத் தயக்கம் தெரிவித்து, 1999-இல் மனித உரிமைகளை ஆதரித்துப் பிரகடனம் வெளியிட்டது.

களப்பணியில் பெரும்பிழை, ஒரு பாதியிடம் மட்டும் கேட்டுவிட்டு முழுச் சமூகத்தையும் எழுதுவது. மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1915-18 காலத்தில் ட்ரோப்ரியாண்டில் நெடுநாள் தங்கி, மொழி கற்று, வேலை பார்த்தவர். அப்படியிருந்தும், 1970-களில் அங்கே போன மானிடவியலாளர் அனெட் வீனர் வேறொன்றைக் கண்டார். இறப்புச் சடங்குகளில் பெண்கள் வாழையிலைக் கட்டுகளையும் இலைநாரில் செய்த பாவாடைகளையும் ஏராளமாகப் பங்கிடுகிறார்கள். அது பெண்களின் செல்வம். இறந்தவருக்கு உதவியவர்களுக்குப் பட்ட கடனைத் தீர்த்து, தாய்வழிக் குலத்தின் மதிப்பைக் காப்பது அதுதான். கட்டுகள் போதவில்லை என்றால் ஆண்கள் தம் பொருளைக் கொடுத்து வாங்கித் தர வேண்டியிருக்கும். ஆண்களின் பரிமாற்றத்தையே மையமாகப் பார்த்த கண்ணுக்கு இது பெரிதாகப் படவில்லை.

குறிப்பேட்டில் மூன்று பத்தி பிரித்துக்கொள்வது நல்லது: எப்படி நடக்க வேண்டும் என்று சொன்னது, எப்படி நடந்தது என்று சொன்னது, நீங்களே பார்த்தது. ஒவ்வொரு வரிக்கும் சொன்னவர் ஆணா பெண்ணா, என்ன வயது, யாருக்கு என்ன உறவு, அப்போது உடன் யார் இருந்தார்கள் என்பதையும் அன்றைக்கே எழுதிவிட வேண்டும். "இங்கே தாய்மாமன் பேச்சைத்தானே கேட்பீர்கள்?" என்று கேட்டால் ஆமாம் என்ற பதில்தான் வரும். "கடைசியாகத் தோட்டத்தைப் பிரித்தபோது யார் யார் இருந்தார்கள், யார் என்ன சொன்னார்கள்?" என்று கேட்டால் நடந்தது வரும்.